டிரீயில் தரவு மாறியபின் எதை ரெஃப்ரெஷ் செய்வது: முழு மரமா, ஒரு கிளையா, ஒரே நோடா?

பயனர் புது வட்டம் (தாலுகா) ஒன்றைச் சேர்த்து ‘சேமி’யை அழுத்துகிறார். சர்வரில் பதிவாகிவிட்டது, இடப்பக்க டிரீயில், அதாவது கிளை கிளையாக விரியும் பட்டியலில், மட்டும் காணோம். அவசரத்துக்கு முழு டிரீயையும் ரெஃப்ரெஷ் செய்யும் ஒரு வரியைப் போட்டுச் சரிசெய்கிறோம். இப்போது வட்டம் தெரிகிறது. ஆனால் அவர் விரித்து வைத்திருந்த கிளைகளெல்லாம் மூடிக்கொண்டன, ஸ்குரோல் உச்சிக்குப் போய்விட்டது. முதல் புகார் தீர்ந்த இடத்தில் இரண்டாவது புகார் பிறக்கிறது.

இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: முழு டிரீயையும் மறுபடி ஏற்றுவது, மாறிய கிளையை மட்டும் ஏற்றுவது, மாறிய நோடை (டிரீயின் ஒரு வரியை) மட்டும் பிரவுசரிலேயே திருத்துவது, சர்வரே மாற்றத்தைச் சொல்லி அனுப்புவது. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலானோர் லைப்ரரியின் ஆவணத்தில் தேடுகிறார்கள். விடை அங்கே இல்லை. மாற்றத்தைச் செய்தது யார், அது எத்தனை நோடுகளைத் தொடுகிறது, நோடுகளுக்கு நிலையான ஐடி இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால் வழி ஏறக்குறைய முடிவாகிவிடும்.

எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டு வருவாய் நிர்வாக அடுக்கை எடுத்துக்கொள்வோம்: மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம் என்று ஐந்து மட்டங்கள். மேலே 38 மாவட்டங்கள், அடியில் 16,000-க்கும் மேற்பட்ட கிராமங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்ற மனம் வராது. விரிக்கும்போது மட்டும் பிள்ளை நோடுகளை எடுத்துவரும் சோம்பல் ஏற்றம்தான் இங்கே இயல்பு. ரெஃப்ரெஷ் தலைவலியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

பயனரின் நிலை. எந்தக் கிளைகள் விரிந்துள்ளன, எது தேர்வாகியுள்ளது, எந்தச் செக்பாக்ஸில் டிக் இருக்கிறது, கீபோர்டு ஃபோகஸ் எங்கே நிற்கிறது, ஸ்குரோல் எங்கே, யாராவது பெயரைத் திருத்திக்கொண்டு பாதியில் இருக்கிறார்களா என்பவை எல்லாம் இதில் அடங்கும். இவை சர்வரில் இல்லாத தகவல்கள். அழித்துவிட்டால் திரும்பக் கேட்டு வாங்க இடமில்லை.

கோரிக்கைகளும் சுற்றுகளும். எத்தனை கோரிக்கைகள் என்பதைவிட, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் சுற்றுகள் எத்தனை என்பதே பயனர் உணரும் தாமதம்.

சரித்தன்மை. வேறொருவர் செய்த மாற்றம் தெரிகிறதா? முன்னோர் நோடுகளின் பக்கத்தில் காட்டும் எண்ணிக்கை சரியாகிறதா? வரிசை சரியாக இருக்கிறதா?

நிரல் பராமரிப்பு. இன்று எழுதுவது எளிது. ஆறு மாதம் கழித்து ‘நகர்த்து’ வசதியைச் சேர்க்கும்போது எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

ஸ்கிரீன் ரீடர், கீபோர்டு. ஃபோகஸ் உள்ள உறுப்பை டாமிலிருந்து (பக்கத்தின் உறுப்புகளைப் பிரவுசர் வைத்திருக்கும் அமைப்பிலிருந்து) நீக்கினால் ஃபோகஸ் ‘பாடி’க்குப் போய்விடும். பார்வையற்ற பயனருக்கு அது பக்கத்தின் தொடக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்டது போலத்தான்.

## வழியைத் தேடுமுன் ஐடியைப் பாருங்கள்

நிலையைக் காப்பாற்ற வேண்டுமானால், பழைய நோடும் புதிதாக வந்த நோடும் ஒன்றுதான் என்று அறிய ஏதாவது அடையாளம் வேண்டும். பல அமைப்புகளில் ஐடி என்பது பாதையாகவே இருக்கும்: மாவட்டக் குறியீடு, அதனுடன் வட்டக் குறியீடு, அதனுடன் கிராமக் குறியீடு. மரம் அசையாத வரை இது வசதி. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் வட்டம் புது மாவட்டத்துக்குப் போனது. பாதையை ஐடியாக வைத்த அமைப்பில், அந்த வட்டத்தின் கீழுள்ள ஒவ்வொரு கிராமத்தின் ஐடியும் அந்த ஒரே மாற்றத்தில் மாறிவிடும். விரித்து வைத்த பட்டியல், தேர்வு, சேமித்த புக்மார்க் எல்லாமே செல்லாதவை.

என்றும் மாறாத உள் ஐடி ஒன்று, மனிதர்கள் பார்க்கும் குறியீடு தனியாக ஒன்று என்று பிரித்துவிடுங்கள். அடுத்தபடியாக, விரிந்தவை, தேர்வானவை ஆகிய பட்டியல்களை நோடு ஆப்ஜெக்ட்டுக்குள் வைக்காமல் ஐடிகளின் தொகுப்பாகத் தனியே வையுங்கள். இவ்விரண்டும் இல்லாமல் கீழே வரும் எந்த வழியும் நெடுநாள் தாங்காது. இருந்துவிட்டால் ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய வேலையும் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | கோரிக்கைகள் | பயனர் நிலை | பிறர் செய்த மாற்றம் | நிரல் வேலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| முழு டிரீ | 1, அல்லது விரிந்த நோடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று | தானாகத் தங்காது, மீட்க வேண்டும் | எல்லாம் தெரியும் | குறைவு | சிறிய டிரீ, மொத்த இறக்குமதி, ‘ரெஃப்ரெஷ்’ பட்டன் |
| ஒரு கிளை | 1 அல்லது 2 | கிளைக்கு வெளியே தங்கும் | அந்தக் கிளையில் மட்டும் | நடுத்தரம் | சோம்பல் ஏற்றமுள்ள பெரும்பாலான டிரீக்கள் |
| பிரவுசரிலேயே திருத்தம் | கூடுதலாக 0 | முழுதும் தங்கும் | தெரியாது | அதிகம் | பெயர் மாற்றம், அடிக்கடி செய்யும் சிறு திருத்தங்கள் |
| சர்வர் அறிவிப்பு | திறந்தே இருக்கும் ஓர் இணைப்பு | சேர்த்துப் பயன்படுத்தும் வழியைப் பொறுத்தது | உடனே தெரியும் | மிக அதிகம் | பலர் ஒரே நேரத்தில் திருத்தும் டிரீ |

## முழு டிரீயையும் மறுபடி ஏற்றுவது

மொத்த டிரீயும் சில நூறு நோடுகளுக்குள் இருந்து, ஒரே கோரிக்கையில் வந்துவிடுகிறதென்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். ஐடி நிலையாக இருக்கட்டும், விரிந்தவற்றின் பட்டியலைக் காப்பாற்றுங்கள், அவ்வளவுதான். மற்ற வழிகளின் சிக்கல்களை இங்கே விலைகொடுத்து வாங்குவது வீண்.

சோம்பல் ஏற்றம் வந்ததும் கணக்கு மாறுகிறது. பயனர் 2 மாவட்டம், 4 கோட்டம், 12 வட்டம் விரித்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். ரெஃப்ரெஷ் செய்தால் வேர் நோடுக்கு 1, பிறகு 2, பிறகு 4, பிறகு 12 என்று 19 கோரிக்கைகள். மேல்மட்டம் வந்தபின்தான் அடுத்த மட்டத்தைக் கேட்க முடியும். எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்குப் பிரவுசர் ஒரே சமயத்தில் 6 இணைப்புகளையே திறக்கும் என்பதால் கடைசி 12-உம் இரண்டு தவணையாகப் போகும். ஆக 5 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 150 மில்லிசெகண்ட் என்றால் முக்கால் விநாடி. அந்த நேரம் முழுக்க டிரீ துண்டு துண்டாக முளைப்பது கண்ணில் படும்.

இதற்கு மாற்று, விரிந்த ஐடிகளின் பட்டியலை ஒரே கோரிக்கையில் அனுப்பி, வேண்டிய மட்டங்களை எல்லாம் சேர்த்து ஒரே பதிலாக வாங்குவது. ஜேஎஸ்டிரீ என்ற டிரீ லைப்ரரியில் பல நோடுகளுக்கான கோரிக்கைகளை ஒன்றாகத் திரட்ட ‘மாஸ்லோட்’ என்ற பிளகின் உண்டு. சர்வரில் தரவு கேட்கும் ஏபிஐயைச் சொந்தமாக எழுதுவதானால் இந்த ஒரு வசதியை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

ஜேஎஸ்டிரீயின் ‘ரெஃப்ரெஷ்’ விரிந்தவற்றையும் தேர்வையும் ஐடி வழியே தானே மீட்டுக்கொள்ளும். ஆனால் அதில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, டிரீயை உருவாக்கும்போது தரவை நேரடி அரேயாகக் கொடுத்திருந்தால், ரெஃப்ரெஷ் அதே பழைய அரேயைத்தான் மறுபடி படிக்கும். அமைப்புகளுக்குள் உள்ள ‘கோர்’ பகுதியின் ‘டேட்டா’வில் புது அரேயை வைத்துவிட்டுப் பிறகு ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். அதே டிவ்வில் டிரீயை இரண்டாம் முறை உருவாக்கினால் வேலை செய்யாது, முதலில் ‘டெஸ்ட்ராய்’ செய்தாக வேண்டும். இரண்டாவது, தேர்வை மீட்கும்போது ‘சேஞ்ட்’ நிகழ்வு மறுபடி எழும். அந்த நிகழ்வில் வலப்பக்கப் படிவத்தை ஏற்றும் நிரலை மாட்டியிருந்தால், பயனர் பாதி நிரப்பிய படிவம் காலியாகிவிடும். ரெஃப்ரெஷ் தொடங்கும்போது நிரலில் ஒரு கொடியை (ஆம்/இல்லை மாறியை) ஏற்றி, ‘ரெஃப்ரெஷ்’ நிகழ்வு வந்ததும் இறக்கி, நடுவில் வரும் தேர்வு நிகழ்வுகளைப் புறக்கணியுங்கள். மூன்றாவது ஸ்குரோல். உள்ளடக்கம் காலியான நொடியில் பெட்டியின் உயரம் சுருங்கி, ஸ்குரோல் 0 ஆகிவிடும். பிக்சல் அளவைச் சேமித்து மீட்பது பாதித் தீர்வு. மேலே இரண்டு நோடுகள் புதிதாக வந்திருந்தால் பார்வை நழுவும். கண்ணுக்குத் தெரியும் முதல் நோடின் ஐடியையும், பெட்டியின் மேல்விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் சேமிப்பதே சரி.

அளவைப் பற்றி ஒன்று. சோம்பல் ஏற்றத்தைக் கைவிட்டு 16,000 நோடுகளையும் ஒரே ஜேசனாக (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவில்) அனுப்பினால், நோடுக்கு 120 பைட் என்றாலும் 2 எம்பிக்குச் சற்றுக் குறைவு. பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னும் ஏறும்: யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பிஎச்பியும் பைத்தானும் ஜேசன் எழுதும்போது இயல்பாகத் தமிழை யூனிகோட் எஸ்கேப் வடிவுக்கு மாற்றும், அப்போது 6 பைட். பிஎச்பியில் ‘அன்எஸ்கேப்ட் யூனிகோட்’ கொடியைப் போடுவதும், பைத்தானில் ‘என்ஷூர் ஆஸ்கி’யை அணைப்பதும் ஒரு வரி வேலை. ஜிசிப் சுருக்கம் இருந்தால் வித்தியாசம் குறையும், இருந்தாலும் பிரவுசர் பிரித்துப் படிக்கும் வேலை குறையாது.

எப்போது இது நல்லது: சிறிய டிரீ, எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக இறக்குமதி செய்தபின், பயனரின் அனுமதி அல்லது வடிகட்டி மாறி எந்த நோடுகள் தெரியும் என்பதே மாறும்போது, மற்ற எந்த வழியும் குழம்பும்போது பின்வாங்கும் இடமாக.

## மாறிய கிளையை மட்டும் ஏற்றுவது

ஒரு வட்டத்தின் கீழ் குறுவட்டம் சேர்ந்தால், அந்த வட்டத்தின் பிள்ளைகளை மட்டும் மறுபடி கேட்பது. ஜேஎஸ்டிரீயில் ‘ரெஃப்ரெஷ்_நோடு’. ஃபேன்சிடிரீ என்ற இன்னொரு லைப்ரரியில் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது: ‘ரீசெட்லேசி’ பிள்ளைகளைத் தூக்கி எறிந்து கிளையை மூடிவிடும், அடுத்த முறை விரிக்கும்போதுதான் கோரிக்கை போகும், ‘லோட்’டுக்கு ‘ட்ரூ’ கொடுத்தால் அந்த நோடு விரிந்தபடியே இருக்க, பிள்ளைகள் புதிதாக வரும். எக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் டிரீஸ்டோரின் ‘லோட்’டுக்கு நோடைக் கொடுக்கலாம். அங்கே ‘கிளியர்ஆன்லோட்’ இயல்பாகவே இயங்குவதால் பழைய பிள்ளைகள் முதலில் நீங்கும்.

ரியாக்டுக்கான ஆன்ட் டிசைன் லைப்ரரியில் அனேகர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு நோடு ஒருமுறை ஏற்றப்பட்டதும் அதன் கீ ‘லோடட்கீஸ்’ பட்டியலில் சேர்ந்துவிடும். பிறகு மூடித் திறந்தாலும் ‘லோட்டேட்டா’ அழைக்கப்படாது. மறுபடி ஏற்ற, அந்தப் பட்டியலை நீங்களே கட்டுப்படுத்தி அதிலிருந்து கீயை நீக்க வேண்டும், தரவில் உள்ள பிள்ளைகளையும் நீக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பயன் இல்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஒன்று எல்லா லைப்ரரிக்கும் பொது: கிளையை ஏற்றினால் பிள்ளைகள் வருகின்றன, தாய் நோடு வருவதில்லை. இதுவரை கிராமமே இல்லாத குறுவட்டத்தில் முதல் கிராமத்தைச் சேர்க்கிறீர்கள். அந்தக் குறுவட்டம் இலை நோடாக வரையப்பட்டிருக்கிறது, அம்புக்குறி இல்லை. பிள்ளைகளை ஏற்றினாலும் அம்புக்குறி வருமா என்பது லைப்ரரியின் மனநிலையைப் பொறுத்தது. கடைசிக் கிராமத்தை நீக்கினால் இதே கதை தலைகீழாக: விரிக்க ஒன்றுமில்லாத அம்புக்குறி மிஞ்சும். ‘கிராமங்கள்: 14’ என்ற எண்ணிக்கையும் பழையதாகவே நிற்கும், அதற்கு மேலுள்ள வட்டத்திலும் கோட்டத்திலும்கூட. ஆகவே பிள்ளைகளைத் தரும் ஏபிஐ, கூடவே தாய் நோடின் வரியையும், எண்ணிக்கை காட்டுவதானால் வேர் வரையுள்ள முன்னோர் வரிகளையும் தரட்டும். ஐந்து மட்ட மரத்தில் அது அதிகபட்சம் ஐந்து வரிகள்.

நகர்த்தும்போது பழைய தாய், புதிய தாய் இருவரையும் ஏற்ற வேண்டும். ஒன்று மற்றொன்றின் முன்னோராக இருந்தால் மேலே உள்ளதை மட்டும் ஏற்றி, அது முடிந்தபின் கீழுள்ளதை ஐடி வழியே தேடிப் பிடியுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் ஏற்றினால், மேல்கிளை புதிதாக வந்து கீழ் நோடின் பழைய ஆப்ஜெக்ட்டைச் செத்ததாக்கிவிடும். அதற்கு வந்த பதில் போய்ச் சேர இடமிருக்காது. கன்சோலில் பிழை தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது.

ஏற்றிய கிளைக்குள்ளேயே விரிந்த பேரப்பிள்ளைகள் இருந்தால் முழு ரெஃப்ரெஷின் சிக்கல் சிறிய அளவில் திரும்பும். விரிந்த ஐடிகளை அனுப்பும் அதே ஏபிஐ இங்கும் கைகொடுக்கும்.

இன்னொன்று, மூடிக் கிடக்கும் ஆனால் முன்பு ஏற்றப்பட்ட கிளைகள். அவை பழைய பிள்ளைகளை வயிற்றில் வைத்திருக்கின்றன. மாற்றம் அங்கே நடந்திருந்தால் ஏற்றத் தேவையில்லை, ‘ஏற்றப்படாதது’ என்று குறித்தால் போதும். விரிக்கும்போது புதிதாக வரும்.

எப்போது இது நல்லது: சோம்பல் ஏற்றம் உள்ள, சேர்த்தல், நீக்கல், நகர்த்தல் எல்லாம் நடக்கும் நிர்வாகத் திரைகள். எதை எடுப்பதென்று தெரியாதவர்களுக்கு இதைத்தான் தொடக்கமாகச் சொல்வேன்.

## பிரவுசரிலேயே நோடைத் திருத்துவது

சேமித்த கோரிக்கையின் பதிலை வைத்தே அந்த நோடை மட்டும் மாற்றுவது. மறுபடி எதையும் கேட்பதில்லை. கண்ணுக்கு மிக மென்மையான வழி இது, ஃபோகஸ்கூட அசையாது. பெயர் மாற்றத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பெயர் மாற்றத்திலேயே முதல் பொறியும் இருக்கிறது: வரிசை.

டிரீ அகரவரிசையில் இருந்தால், பெயர் மாறிய நோடு இடமும் மாற வேண்டும். இடத்தைப் பிரவுசரில் கணக்கிடும்போது சரங்களை வெறுமனே ஒப்பிட்டால் யூனிகோட் வரிசைதான் கிடைக்கும். அதில் ‘ன’ என்பது ‘ப’வுக்கு முன்னால் நிற்கிறது, ‘ற’ என்பது ‘ல’வுக்கு முன்னால். அந்தக் கணக்கில் மன்னார்குடி முதலில், மயிலாடுதுறை பின்னால். தமிழ் அகரவரிசைப்படி மயிலாடுதுறைதான் முதலில். சர்வர் ஒரு வரிசையும் பிரவுசர் இன்னொரு வரிசையும் வைத்திருந்தால், திருத்தியபோது ஓரிடத்தில் நின்ற நோடு அடுத்த ரெஃப்ரெஷில் வேறிடத்துக்குத் தாவும். பயனர் அதைக் ‘காணாமல் போனது’ என்றே புகார் செய்வார். பிரவுசரில் தமிழ் மொழிக் குறியீட்டோடு ‘இன்டில் கொலேட்டர்’ பயன்படுத்துங்கள், அல்லது அதைவிட எளிதாக, எத்தனையாவது இடம் என்பதைச் சர்வர் பதிலிலேயே வாங்கிவிடுங்கள்.

பதிலில் வேறு என்னென்ன வேண்டும் என்பதையும் இங்கேயே முடிவுசெய்ய வேண்டும். ‘சரி’ என்று மட்டும் சொல்லும் ஏபிஐயை நம்பி உள்ளூரில் திருத்தினால், பயனர் தட்டிய பெயரைக் காட்டுவீர்கள். சர்வர் முன்பின் இடைவெளிகளை வெட்டியிருக்கலாம், குறியீடு ஒதுக்கியிருக்கலாம், அனுமதிகளைத் தாய் நோடிலிருந்து இறக்கியிருக்கலாம். மாறிய எல்லா வரிகளும் முழுதாகப் பதிலில் வரட்டும்: அந்த நோடு, பழைய தாய், புதிய தாய், எண்ணிக்கை மாறிய முன்னோர். அதைத் தர முடியாத சர்வர் என்றால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

ஜேஎஸ்டிரீயில் ‘கிரியேட்_நோடு’, ‘ரீநேம்_நோடு’, ‘டெலீட்_நோடு’, ‘மூவ்_நோடு’ எதுவும் நடக்கவில்லை, பிழையும் தெரியவில்லை என்றால் ‘செக்_கால்பேக்’ அமைப்பைப் பாருங்கள். இயல்பில் அது ‘ஃபால்ஸ்’, எல்லாத் திருத்தங்களையும் ஓசையின்றித் தடுக்கும்.

சர்வர் பதிலுக்கு முன்பே திரையில் மாற்றிவிடும் நம்பிக்கை முறை வேறு ஒரு படி மேலே. புது நோடுக்குத் தற்காலிக ஐடி கொடுத்து, உண்மையான ஐடி வந்ததும் மாற்ற வேண்டும். அதற்குள் பயனர் அந்த நோடின் கீழ் இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் அந்தக் கோரிக்கை தற்காலிக ஐடியைத் தாயாகச் சொல்லிக்கொண்டு போகும். அதைத் தடுக்க, ஐடி வரும் வரை அந்த நோடில் சேர்க்கும் பட்டனை முடக்குங்கள். பெயர் மாற்றத்துக்கு இந்த முறை சரி. நீக்கலுக்கு வேண்டாம்: சர்வர் மறுத்தால், நீங்கள் அழித்த கிளை முழுவதையும் விரிந்த நிலையோடு திரும்பக் கட்ட வேண்டிவரும்.

நீக்கும்போது ஃபோகஸை நீங்களே நகர்த்த வேண்டும்: அடுத்த உடன்பிறப்பு, இல்லையேல் முந்தையது, இல்லையேல் தாய். டிரீயில் ஒரே ஒரு நோடுக்குத்தான் ‘டேப்இன்டெக்ஸ்’ 0 இருக்கும், மற்றவற்றுக்கு −1. அந்த ஒன்றையே நீக்கிவிட்டு வேறொன்றுக்கு 0 கொடுக்க மறந்தால், டேப் விசையால் டிரீக்குள் நுழையவே முடியாது. மவுஸ் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது ஒருபோதும் படாது.

எப்போது இது நல்லது: ஒரே பயனர் தன் தரவைத் திருத்தும் திரை, வேகமாக அடுத்தடுத்துச் செய்யும் சிறு திருத்தங்கள், கோரிக்கைக்குக் காத்திருக்க முடியாத மெதுவான இணைப்புகள்.

## ‘எங்கள் ஃபிரேம்வொர்க் தானே பார்த்துக்கொள்ளும்’

ரியாக்ட், வியூ, ஆங்குலர் பயன்படுத்துவோர் இதை ஐந்தாவது வழியாகச் சொல்வதுண்டு. இது வழி அல்ல, வரையும் முறை. புதுத் தரவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வந்ததைப் பழையதோடு ஒப்பிட்டு மாறியதை மட்டும் வரைவது ஃபிரேம்வொர்க்கின் வேலை, அதுவும் சில நிபந்தனைகளோடு.

ரியாக்டில் நோடின் ‘சில்ட்ரன்’ அரேயில் ஒன்றைத் தள்ளிவிட்டு அதே வேர் ஆப்ஜெக்ட்டை ஸ்டேட்டில் வைத்தால் எதுவும் வரையப்படாது. ஆப்ஜெக்ட் அதேதான் என்று அது விட்டுவிடும். மாறிய நோடிலிருந்து வேர் வரையுள்ள ஆப்ஜெக்ட்டுகளை மட்டும் புதிதாக்க வேண்டும். ஐடிக்கு நோடு, ஐடிக்குப் பிள்ளை ஐடிகள் என்று இரண்டு தட்டையான மேப்புகளாக வைத்தால் இந்த ஏறுதலே தேவைப்படாது. ஆழமான டிரீக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். ‘கீ’யாக வரிசை எண்ணைக் கொடுத்தால், நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் விரிந்த நிலை பக்கத்து நோடுக்கு இடம் மாறும். டிரீ அசையவில்லையே என்று மொத்தக் காம்போனென்ட்டின் ‘கீ’யை மாற்றுவது வேலை செய்யும்தான், ஆனால் அது முழு ரெஃப்ரெஷுக்கு இன்னொரு பெயர்.

ஆங்குலர் மெட்டீரியலில் உள்ளே மாற்றினாலும் ‘டேட்டாசோர்ஸ்’ புது மதிப்பை வெளியிட்டால்தான் டிரீ கவனிக்கும். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தந்திரம், தரவைக் காலியாக்கி மறுபடி வைப்பது. அதுவும் எல்லாவற்றையும் அழித்து வரைவதுதான். விரிந்த நிலை ஆப்ஜெக்ட்டை வைத்து நினைவில் இருந்தால் சர்வரிலிருந்து வந்த புது ஆப்ஜெக்ட்டுகளுக்கு அது பொருந்தாது. ‘டிராக்பை’ வழியாகவோ புதிய பதிப்புகளில் ‘எக்ஸ்பான்ஷன்கீ’ வழியாகவோ ஐடியை அடையாளமாகச் சொல்லுங்கள். வியூ 2-இல் இலை நோடுக்குப் புதிதாக ‘சில்ட்ரன்’ பண்பைச் சேர்த்தால் திரை அசையாது, ‘வியூ.செட்’ வேண்டும். வியூ 3-இல் இந்தத் தொல்லை இல்லை. ஆன்ட் டிசைனின் ‘டிஃபால்ட்எக்ஸ்பாண்ட்ஆல்’ முதல்முறை வரையும்போது மட்டுமே பார்க்கப்படும். தரவு பிறகு வந்தால் எதுவும் விரியாது.

## சர்வரே சொல்லி அனுப்புவது

ஒரே டிரீயைப் பத்துப் பேர் திருத்துகிறார்கள், ஒருவர் நகர்த்தியது மற்றவருக்கு உடனே தெரியாவிட்டால் தவறான இடத்தில் பதிவு போடுவார்கள் என்றால்தான் இது தேவை. ‘நவீனமாக இருக்கிறது’ என்பது காரணமாகாது. ‘ரெஃப்ரெஷ்’ பட்டனும், டேபுக்குத் திரும்பும்போது விரிந்த கிளைகளைப் புதுப்பிப்பதும் பல அலுவலகங்களுக்குப் போதும்.

ஒருவழி அறிவிப்புக்குச் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதுமானது. இணைப்பு அறுந்தால் பிரவுசர் தானே மறுபடி இணைத்து, கடைசியாக வந்த நிகழ்வின் ஐடியையும் அனுப்பும். வெப்சாக்கெட்டில் அந்த இரண்டையும் நீங்கள் எழுத வேண்டும். ஆனால் எச்டிடிபி 1.1-இல் அதே 6 இணைப்பு வரம்பு இங்கும் உண்டு, அதுவும் எல்லா டேபுகளுக்கும் சேர்த்து: ஏழாவது டேபைத் திறந்தவருக்குப் பக்கமே ஏறாது. எச்டிடிபி 2 இருந்தால் கவலையில்லை. நடுவில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அதன் பஃபரிங்கை இந்தப் பாதைக்கு அணையுங்கள். 60 விநாடி அமைதியாக இருந்தால் இயல்பாக இணைப்பை அறுத்துவிடும் என்பதால் 20 அல்லது 30 விநாடிக்கு ஒரு வெற்றுக் கருத்து வரியை அனுப்புங்கள்.

அறிவிப்பில் தரவை அனுப்பாமல் ‘இந்தத் தாய் ஐடியின் பிள்ளைகள் மாறின’ என்பதை மட்டும் அனுப்புவது நல்லது. ஒவ்வொரு பயனருக்கும் பார்க்கும் அனுமதி வேறு. தரவை எல்லோருக்கும் பரப்பினால் கசியும். கிளை விரிந்திருந்தால் ஏற்றுங்கள், மூடியிருந்தால் ‘ஏற்றப்படாதது’ என்று குறியுங்கள். மொத்த இறக்குமதியில் 500 அறிவிப்புகள் பாயும்போது, 300 மில்லிசெகண்ட் காத்திருந்து தாய் ஐடிப்படி ஒன்றாக்குங்கள். எண்ணிக்கை 20 கிளைகளைத் தாண்டினால் முழு ரெஃப்ரெஷே மலிவு. பயனர் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கும் கிளையை அவர் முடிக்கும் வரை தள்ளிவையுங்கள்.

## எல்லா வழியிலும் காத்திருக்கும் இரண்டு

முதலாவது, பதில்கள் முந்திப் பிந்தி வருவது. ஒரே கிளைக்கு இரண்டு கோரிக்கைகள் போய், பழையது கடைசியாக வந்தால் பழைய தரவே திரையில் நிற்கும். நோடுக்கு ஒரு வரிசை எண் வைத்து, பழைய எண்ணோடு வரும் பதிலைக் குப்பையில் போடுங்கள், அல்லது ‘அபார்ட்கன்ட்ரோலர்’ கொண்டு முந்தைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது, சேமித்தவுடன் படித்தும் பழையது வருவது. எழுதுவது முதன்மை டேட்டாபேஸிலும் படிப்பது அதன் பிரதியிலும் நடந்தால், பிரதி பின்தங்கும் அந்தச் சிறு இடைவெளியில் புது நோடு இல்லாத பட்டியலே வரும். சோதனைச் சூழலில் ஒரே டேட்டாபேஸ் இருப்பதால் அங்கே இது தலைகாட்டாது. சேமித்ததை அடுத்து வரும் படிப்பை முதன்மையிலிருந்து எடுங்கள், அல்லது சேமித்த பதிலிலேயே பிள்ளைப் பட்டியலைக் கொடுங்கள். நடுவிலுள்ள கேஷ் பழைய பதிலைத் தருகிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள். நேரத்தைத் தாமதித்து ரெஃப்ரெஷ் செய்யும் ‘செட்டைம்அவுட்’ மருந்து வேண்டாம். அது பிழையை அரிதாக்குகிறதே ஒழியத் தீர்ப்பதில்லை.

## ஆக, எதை எடுப்பது

சில நூறு நோடுகள், ஒரே கோரிக்கை: முழு ரெஃப்ரெஷ், ஐடி வழி நிலை மீட்பு. சோம்பல் ஏற்றம் உள்ள பெரிய டிரீ: கிளை ஏற்றம், கூடவே தாய் வரியும் முன்னோர் வரிகளும் தரும் ஏபிஐ. அதன்மேல் பெயர் மாற்றத்துக்கு மட்டும் உள்ளூர்த் திருத்தம் சேர்த்தால் பயனருக்கு வேகம் தெரியும், உங்களுக்குச் சுமை தெரியாது. சேர்த்தலுக்கும் நகர்த்தலுக்கும் உள்ளூர்த் திருத்தம் என்பது, சர்வர் பதிலின் வடிவம் உங்கள் கையில் இருந்தால் மட்டும். பலர் திருத்தும் டிரீக்கு, கிளை ஏற்றம் சரியாக ஓடத் தொடங்கியபின் அறிவிப்பைச் சேருங்கள். இந்தச் செயல்வரிசையை மாற்றினால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிய முடியாது.

எதை எடுத்தாலும் வெளியிடுமுன் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க்கை மெதுவாக்கி இவற்றைச் செய்து பாருங்கள்: மூன்று மட்டம் விரித்து, கீழே ஸ்குரோல் செய்து, நடுவில் ஒன்றைச் சேர்ப்பது, பிள்ளையே இல்லாத நோடில் முதல் பிள்ளையைச் சேர்ப்பது, ஒரே பிள்ளையை நீக்குவது, விரிந்த கிளையைத் தன் பாட்டி நோடுக்கு நகர்த்துவது, ஒரே கிளையில் அடுத்தடுத்து இருமுறை சேமிப்பது, இன்னொரு டேபில் நீக்கிய நோடை இந்த டேபில் விரிப்பது. கடைசியில் மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு, அம்பு விசைகளால் ஒரு நோடுக்குப் போய் அதை நீக்கி, அடுத்த அம்பு விசை வேலை செய்கிறதா என்று பாருங்கள்.